வரியும் கணக்கும்: 1852-ஆம் ஆண்டு மனு ஒன்றை வகுப்பறையில் வாசித்தல்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில், தமிழ்நாட்டு விடுதலைப் போராட்டம் பற்றிய பாடத்தின் தொடக்கப் பகுதியில் சென்னைவாசிகள் சங்கம் வருகிறது. சில வரிகள்தான். 1852-இல் கஜுலு லட்சுமிநரசு முதலியோர் தொடங்கியது, உறுப்பினர்களில் வணிகர்களே மிகுதி, வரியைக் குறைக்கக் கோரியது, சித்திரவதை ஆணையம் அமையக் காரணமாக இருந்தது என்பவை அதிலுள்ள செய்திகள். தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவாக வரக்கூடும். ஐந்து நிமிடத்தில் நடத்திவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம்.

அந்தச் சில வரிகளுக்கு நான் மூன்று பாடவேளைகள் ஒதுக்கினேன். அதற்குக் காரணம் இரண்டு. எட்டாம் வகுப்பில் இரயத்துவாரி முறை வருகிறது. ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்பு வருகிறது. பத்தாம் வகுப்புப் பொருளியலில் 'அரசாங்கமும் வரிகளும்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. தனித்தனியாகக் கிடக்கும் இவற்றை இந்த ஒரு சங்கத்தின் கதை சேர்த்துக் கட்டிவிடுகிறது. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் எங்கள் பிள்ளைகள். சேர்வராயன் மலையில் உள்ள வெள்ளக்கடையில் என் மாணவர்களின் பெற்றோர் பலர் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்பவர்கள்; சிலருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் அதில் காப்பியும் மிளகும் பலாவும் உண்டு. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் மிகுதி. "வரி யார் கட்டுகிறார்கள்?" என்று கேட்டால், "பணக்காரங்க கட்டுவாங்க டீச்சர்" என்பார்கள். "உங்கள் வீட்டில்?" என்றால், "நாங்க எங்கீங்க டீச்சர் கட்டறோம், எங்களுக்கெல்லாம் சர்க்கார்ல சும்மாதான் குடுக்கறாங்க" என்பதுதான் பதில். பாடநூல், சீருடை, காலை உணவு, மதிய உணவு, சாலை, தண்ணீர்க் குழாய் எல்லாமே அவர்கள் மனத்தில் 'சும்மா' வந்தவை. சும்மா கிடைத்த பொருளுக்கு நன்றி சொல்லலாமே தவிரக் கணக்குக் கேட்க முடியாது. இந்த 'சும்மா' என்ற சொல்லைப் பிள்ளைகளின் மனத்திலிருந்து எடுப்பதுதான் இந்தப் பாடத்தின் உண்மையான நோக்கம். அதைச் செய்த முறையை இங்கே எழுதுகிறேன். மற்ற பள்ளிகளிலும் செய்துபார்க்கலாம். செலவு ஏதும் இல்லை.

முதல் பாடவேளை: உறைகளில் ஒளிந்திருக்கும் வரி

முந்தைய நாளே பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். வீட்டில் வாங்கிய பொருள்களின் காலி உறைகளைக் கொண்டுவர வேண்டும். சோப்பு உறை, பிஸ்கட் பொட்டலம், பற்பசை அட்டைப்பெட்டி, உப்புப் பாக்கெட், காப்பித்தூள் உறை எல்லாம் வந்தன. ஒவ்வொன்றிலும் அதிகபட்ச சில்லறை விலையைத் தேடச் சொன்னேன். அதன் பக்கத்தில் 'எல்லா வரிகளும் உட்பட' என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கும். பல வீடுகளில் பல ஆண்டுகளாகக் கைக்கு வந்துபோகும் சொற்கள். அன்றுதான் பலர் படித்தார்கள்.

அடுத்து, விலைக்குள் இருக்கும் வரியைப் பிரித்தெடுக்கும் கணக்கு. இங்கே பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 42 ரூபாய் சோப்புக்கு வரி 5 சதவீதம் என்றால், 42-இல் 5 சதவீதம் பார்க்கிறார்கள். வரி சேர்வதற்கு முன் இருந்த விலை 100 என்றால், சேர்ந்த பிறகு அது 105. ஆகவே விலையை 5-ஆல் பெருக்கி 105-ஆல் வகுக்க வேண்டும். 42 ரூபாய்க்கு 2 ரூபாய் வரி. 10 ரூபாய் பிஸ்கட்டுக்கு ஏறக்குறைய 48 காசு. கணித ஆசிரியருடன் பேசிக்கொண்டு, சதவீதப் பாடம் நடக்கும் வாரத்திலேயே இதை வைத்துக்கொண்டால் இருவருக்கும் பயன்.

சோப்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 வரை சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதமாக இருந்தது. அன்று முதல் 5 சதவீதம். நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் இருந்த 12 சதவீத வரி அதே நாளில் முற்றிலும் நீங்கியது. உப்புக்கு இன்று வரி இல்லை. 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் எதற்காக நடந்தார்கள் என்பதை உப்புப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. எங்கள் மலைக்குப் பொருத்தமான இன்னொரு எடுத்துக்காட்டு காப்பி. வறுக்காத காப்பிக்கொட்டைக்கு வரி கிடையாது; வறுத்து அரைத்துப் பொட்டலமாகி வந்தால் 5 சதவீதம். அம்மா பறித்த பழம், கடையில் வாங்கும் தூளாகத் திரும்பி வரும்போது வரியோடு வருகிறது.

வகுப்பை அமைதியாக்கியது கைப்பேசி ரீசார்ஜ். அதற்கு வரி 18 சதவீதம். 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் வரி 30 ரூபாய் 36 காசு. அதில் சரிபாதி மத்திய அரசுக்கு, சரிபாதி மாநில அரசுக்கு. "அப்போ மாசாமாசம் எங்கப்பா வரி கட்டறாரா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. உறைகளையும் ரீசார்ஜையும் சேர்த்து அவரவர் வீட்டு ஒரு மாத வரியைத் தோராயமாகக் கணக்கிடச் சொன்னேன். பதிலை அவர்களே எழுதினார்கள்.

நேர்முக வரி, மறைமுக வரி என்ற பாடநூல் வேறுபாட்டை இதன் பிறகு சொன்னால் நிற்கிறது. வருமான வரி வருமானத்துக்கு ஏற்ப ஏறும். சோப்பின் 2 ரூபாய் தோட்ட உரிமையாளருக்கும் அதே 2 ரூபாய், பழம் பறிப்பவருக்கும் அதே 2 ரூபாய். இரண்டு பேருக்கும் அது ஒரே சுமையா என்று கேட்டுவிட்டு மணியடிக்கும் வரை பேச விட்டேன்.

இரண்டாம் பாடவேளை: மனுவில் ஒரு முரண்

அடுத்த நாள் வரலாற்றுக்குப் போனோம். இரயத்துவாரி முறையைச் சென்னையில் எங்கோ பிறந்ததாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பிறந்தது நம் பக்கத்தில். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அவற்றை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து, ஒவ்வொரு உழவர் பேரிலும் நேரடியாக வரி விதிக்கும் முறையைத் தொடங்கினார்கள். மன்றோ 1820-இல் சென்னை மாகாண ஆளுநரானபின் அது மாகாணம் முழுவதும் பரவியது.

முறை எளிமையானது. இடையில் ஜமீன்தார் இல்லை. அரசுக்கும் உழவருக்கும் நேர் தொடர்பு. ஆனால் விதித்த வரி அதிகம். மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் வரி நின்றது. நிலவரி மட்டுமா? மொதர்பா என்ற பெயரில் தொழிலுக்கும் வரி இருந்தது. நெசவாளர், தச்சர், உலோக வேலை செய்பவர், சிறு வியாபாரி என்று பலர் மீதும் அது விழுந்தது. தறிக்கு வரி என்றதும், கீழே சேலத்தில் தறி ஓட்டும் உறவினர் உள்ள பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இந்தச் சூழலில்தான் சென்னைவாசிகள் சங்கம் வருகிறது. லட்சுமிநரசு 1806-இல் பிறந்தவர்; வணிகக் குடும்பம். 1844-இல் 'கிரசென்ட்' என்ற பெயரில் ஆங்கில இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1852-இல் உருவான சங்கம், முதலில் கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கிளையாக இருந்து, விரைவில் தனி அமைப்பாகியது. அது அரசின் அங்கம் அன்று, கட்சியும் அன்று, இலாபம் தேடும் நிறுவனமும் அன்று. பொதுக் குறைகளைத் திரட்டி, எழுதி, கையெழுத்து வாங்கி, அதிகாரம் உள்ள இடத்தில் கொண்டுபோய் வைப்பது அதன் வேலை. கம்பெனியின் பட்டயம் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் புதுப்பிக்கப்படும். 1853-இல் அந்த முறை வந்தது. அதற்கு முன்பே மனு அங்கே சேர வேண்டும் என்று 1852 இறுதியில் எழுதி முடித்தார்கள். காலம் பார்த்துக் கேட்பதும் ஒரு திறமை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல இடம்.

மனுவின் சாரத்தை எளிய தமிழில் ஆறு துண்டுச் சீட்டுகளில் எழுதி, குழுவுக்கு ஒரு கட்டாகக் கொடுத்தேன்.

1. வரி அளவுக்கு மீறி இருக்கிறது.
2. வரியை வசூலிக்கும் முறையில் மக்கள் துன்புறுகிறார்கள்.
3. நீதிமன்றங்களில் செலவும் தாமதமும் அதிகம்.
4. சாலையும் பாலமும் பாசன வசதியும் வேண்டும். மக்களின் கல்விக்கு இன்னும் நல்ல ஏற்பாடு வேண்டும்.
5. அரசின் செலவைக் குறைக்க வேண்டும்.
6. மக்கள் நலனுக்கு ஏற்ற உள்ளூர் ஆட்சி முறை வேண்டும்.

இவற்றில் 'குறை' என்று கேட்பவை எவை, 'கொடு' என்று கேட்பவை எவை என இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். பிரித்ததும் முரண் தெரிந்துவிட்டது. வரியைக் குறை என்கிறார்கள்; அதே தாளில் சாலை போடு, பாலம் கட்டு, பள்ளிக்கூடம் கொடு என்கிறார்கள். "காசே குடுக்காம எப்படீங்க டீச்சர் பாலம் கட்டுவாங்க?" என்று ஒரு குழு கேட்டது. நியாயமான கேள்வி. கம்பெனி அதிகாரிகளும் இதைத்தான் கேட்டிருப்பார்கள்.

பதிலை நான் சொல்லவில்லை. ஐந்தாவது சீட்டைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்தேன். வாங்கிய வரி எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் மற்றவற்றைப் பேச முடியாது என்ற இடத்துக்கு இரண்டு மூன்று குழுக்கள் தாமாகவே வந்தன. ஒரு மாணவி சொன்னது வகுப்புக்குப் போதுமான விளக்கமாக இருந்தது: "எங்கம்மா கடைக்கு நூறு ரூபா குடுத்து விட்டா, சாமானும் கேப்பாங்க, மீதியும் கேப்பாங்க. ரெண்டும் கேட்டாத்தான் சரியா இருக்கும்."

சாமானும் மீதியும். 1852-இன் மனு கேட்டதும் அதைத்தான். வரியைக் குறைக்கச் சொல்வதும் வசதிகளைக் கேட்பதும் எதிரெதிர்க் கோரிக்கைகளாகத் தோன்றலாம். இரண்டுக்கும் நடுவில் கணக்கு என்ற ஒன்றை வைத்துவிட்டால் இரண்டும் ஒரே கோரிக்கையாகிவிடுகின்றன. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எடுத்துப்போக வேண்டிய கருத்து ஒன்றே ஒன்று என்றால், இதுதான்.

மூன்றாம் பாடவேளை: 1,959 புகார்கள்

மனுவின் இரண்டாம் சீட்டுக்கு ஒரு தனிக் கதை உண்டு. வரி கட்ட முடியாதவர்களை, ஏன், கட்ட விரும்பாதவர்களையும், கீழ்நிலைப் பணியாளர்கள் அடித்தும் வதைத்தும் வசூலித்தார்கள். விரல்களைக் கிட்டிக்கோலுக்கு இடையில் வைத்து நெரிப்பார்கள். குனிய வைத்துக் கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள். வளரிளம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் வகுப்பறைக்குத் தேவையில்லை.

மனுவில் எழுதினால் மட்டும் யார் நம்புவார்கள்? 1853-இல் டான்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு அவரை மாவட்டங்களுக்கு நேரில் அழைத்துப் போய் மக்களைச் சந்திக்க வைத்தார். 1854-இல் இது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதமாயிற்று. கம்பெனியின் பக்கம் பேசியவர்கள் மறுத்தார்கள். மறுத்தாலும் விசாரிக்க வேண்டியதாயிற்று. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 1855-இல் வந்தது. வரி வசூலில் சித்திரவதை நடந்தது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1857-இல், நியூயார்க்கில் வெளிவந்த நாளிதழ் ஒன்றில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை வைத்து ஒரு கட்டுரையே எழுதினார்.

ஆணையத்துக்கு வந்த புகார்கள் 1,959. அவற்றில் நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். கடிதமாக வந்தவை 1,440. கரும்பலகையில் இந்த மூன்று எண்களை மட்டும் எழுதி, "இவை என்ன சொல்கின்றன?" என்று கேட்டேன்.

முதலில் தொலைவு. சேலத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 340 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் 11, 12 நாள்கள். திரும்பி வர அதே அளவு. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஓடியது 1856 ஜூலை 1-ஆம் நாள். ஆணையம் புகார் கேட்டபோது ரயில் இல்லை. மலையிலிருந்து ஒருவர் போக வேண்டுமானால் இறங்குவதற்கே ஒரு நாள். வேலையை விட்டு, கையில் கட்டுச்சோற்றோடு, தன்னை அடித்தவர் இன்னும் அதே ஊரில் வேலையில் இருக்கும்போது, போய்ச் சொல்லிவிட்டு அதே ஊருக்குத் திரும்ப வேண்டும். 519 என்ற எண்ணை இப்படிப் பார்த்தபின் வகுப்பில் யாரும் அதைச் சிறிய எண் என்று சொல்லவில்லை.

அடுத்து 1,440. நான்கில் ஏறக்குறைய மூன்று பங்குப் புகார்கள் எழுத்தாக வந்தவை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் யாரையாவது பிடித்து எழுதி வாங்கியிருப்பார்கள். எழுத ஆள் கிடைக்காதவரின் குறை இந்த 1,959-இல் எங்கும் இல்லை. நான் எத்தனையோ முறை "படித்தால் முன்னேறலாம்" என்று சொல்லியிருக்கிறேன். அதைவிட இந்த எண் பிள்ளைகளிடம் ஆழமாகப் போனது. எழுதத் தெரிந்தால் உன் குறை கணக்கில் வரும்.

மூன்றாவதாகப் பொறுப்பு. ஆணையம் கீழ்நிலை இந்தியப் பணியாளர்களைக் குற்றம் சொன்னது. ஐரோப்பிய மேலதிகாரிகள் மீது பழி சுமத்தவில்லை. "இவ்வளவு வரி வந்தாக வேண்டும் என்று மேலே ஒருவர் எழுதுகிறார். கீழே ஒருவர் அடிக்கிறார். பொறுப்பு யாருக்கு?" என்று கேட்டு, வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிட விட்டேன். 'அடித்தவருக்கே' என்று ஒரு பக்கமும், 'எழுதியவருக்கும்' என்று மறுபக்கமும் அரை மணி நேரம் பேசினார்கள். முடிவில் நம் அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆம் பிரிவைப் பலகையில் எழுதினேன். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியையும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது என்பது அதன் பொருள். விதிப்பது, வசூலிப்பது என்று இரண்டு சொற்கள் அதில் ஏன் இருக்கின்றன என்பதை விளக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

சங்கத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது வணிகர்கள் மிகுந்த அமைப்பு. உழவருக்காகப் பேசியது, உழவர்கள் அதில் அதிகம் இல்லை. 1862-க்குப் பின் அது மறைந்துபோயிற்று. லட்சுமிநரசு 1868-இல் காலமானார். மாகாணத்துக்கு அடுத்த பெரிய அமைப்பாகச் சென்னை மகாஜன சபை 1884-இல்தான் வந்தது. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் உள்ளே இல்லாத அமைப்பு எவ்வளவு நாள் நிற்கும் என்பதைப் பிள்ளைகள் விவாதிக்கலாம்.

அன்றிலிருந்து இன்றைக்கு

அந்தக் கேள்விக்கு ஒரு பதில்போல அமைந்தது ராஜஸ்தானில் 1990 மே 1-ஆம் நாள் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து உருவாக்கியது அது. வறட்சி நிவாரண வேலையில் பேசிய கூலி கையில் வராதபோது, வருகைப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். 1994 டிசம்பரில் முதல் மக்கள் விசாரணைக் கூட்டம் நடந்தது. பதிவேட்டில் உள்ளதை ஊர் நடுவில் உரக்க வாசிப்பார்கள். அதில் பெயர் உள்ளவர் எழுந்து உண்மையைச் சொல்வார். 1996-இல் பேவார் நகரில் 40 நாள்கள் தர்ணா இருந்தார்கள். 'நம் பணம், நம் கணக்கு' என்பது அவர்களின் முழக்கம்.

தமிழ்நாடு 1997-லேயே தகவல் அறியும் உரிமைக்கு ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். 340 கிலோமீட்டர் நடந்ததையும் 10 ரூபாய் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னேன்.

விண்ணப்பத்துக்கும் முன்னால், ஊருக்குள்ளேயே இருக்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும். என் மாணவர்களுக்கு வாக்குரிமை வர இன்னும் சில ஆண்டுகள் உண்டு. ஆனால் கேள்வி தயாரிக்க வயது வரம்பு இல்லை.

ஆகவே கடைசிச் செயல்பாடாகக் கேள்வி எழுதும் பயிற்சி கொடுத்தேன். குறை சொல்லும் தொடர் ஒன்றைத் தந்து அதைத் தகவல் கேட்கும் தொடராக மாற்ற வேண்டும். 'தெருவிளக்கே எரிவதில்லை' என்பது குறை. 'இந்த ஆண்டு தெருவிளக்குப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, எத்தனை விளக்குகள் மாற்றப்பட்டன?' என்பது கேள்வி. குறைக்குச் சமாதானம் சொல்லிவிடலாம். கேள்விக்கு எண்ணைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எழுதிய கேள்விகளைக் கிராம சபை நாளுக்கு முன் வீட்டில் பெரியவர்களிடம் படித்துக் காட்டச் சொன்னேன். அதன்பின் ஒரு திங்கட்கிழமை ஒரு மாணவி வந்து, "எங்க பாட்டி கேட்டாங்க டீச்சர். கணக்கை இன்னொரு தடவ மெதுவா வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சாங்க" என்றாள். அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

அரசுப் பள்ளி ஆசிரியரான நாம், அரசிடம் கணக்குக் கேட்கச் சொல்லிக்கொடுக்கலாமா என்று நண்பர்கள் கேட்டதுண்டு. தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். நம் ஊதியமும் அந்தச் சோப்பு உறையிலிருந்து வருவதுதான். அரசமைப்புச் சட்டம், இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர், சட்டமன்றத்தின் வரவு செலவுத் திட்டம், கிராம சபை எல்லாமே கணக்குக் கேட்பதற்காக அரசே ஏற்படுத்திக்கொண்ட வழிகள். அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நம் பாடத்திட்டத்துக்குள் அடங்கும்.

கட்சிப் பெயர்களும் தனிமனிதர் பெயர்களும் வகுப்புக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'வரி குறைய வேண்டும்' என்ற பக்கத்துக்கும் 'வரி தேவை' என்ற பக்கத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டும். குறைந்த வரி ஏழை வீட்டுச் செலவைக் குறைக்கும்; சிறு தொழிலுக்கு மூச்சு விட இடம் தரும். வரி அளவுக்கு மீறிக் குறைந்தால் மலைப்பாதைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேறெங்கிருந்து வரும் என்ற கேள்வி எழும். இரண்டில் எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கம் பேசினாலும் எண்ணோடு பேச வேண்டும் என்பது மட்டும் வகுப்பின் விதி.

வீட்டுச் செலவைப் பற்றிப் பேசும்போது எந்தப் பிள்ளையின் வீட்டுக் கணக்கையும் மற்றவர் முன் வாசிக்கச் சொல்லக் கூடாது. உறைகளைப் பொதுவில் குவித்து, குழுவாகக் கணக்கிட்டால் ஏழ்மை வெளியே தெரியாது.

வகுப்பு வாரியாக

3 முதல் 5-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கடை விளையாட்டு போதும். பத்து விளையாட்டு நோட்டுகளுக்குப் பொருள் வாங்கும்போதெல்லாம் ஒரு நோட்டு 'ஊர்ப் பெட்டி'யில் விழ வேண்டும். பெட்டி நிறைந்ததும் விளையாட்டுப் பந்தா, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வாளியா என்று பிள்ளைகளே முடிவெடுத்து, ஒருவர் கணக்கு எழுதி, எல்லாருக்கும் வாசிக்க வேண்டும். 6 முதல் 8 வரை உறைக் கணக்கும் கிராம சபைக் கேள்விகளும். 9, 10 வகுப்புகளுக்கு 1852-இன் ஆறு சீட்டுகளும் 1,959 புகார்களும்.

மதிப்பீட்டுக்கு நான் வைத்த வினாக்கள் மூன்று. 59 ரூபாய் விலையுள்ள பொருளில் வரி 18 சதவீதம் என்றால் வரித் தொகை எவ்வளவு? (விடை 9 ரூபாய்.) சென்னைவாசிகள் சங்கத்தின் மனுவில் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு கோரிக்கைகளை எழுதி, அவை எப்படி ஒத்துப்போகும் என விளக்குக. உன் ஊரில் உள்ள ஒரு பொது வசதியைப் பற்றி, எண்ணில் பதில் வரக்கூடிய ஒரு கேள்வியை எழுதுக.

மூன்றாவது வினாவுக்கு மதிப்பெண் போடும்போதுதான் எனக்கு வேலை அதிகம். ஒரு தாளில் இப்படி இருந்தது: 'எங்கள் பள்ளிக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது? அதில் எங்கள் வகுப்புக்கு எவ்வளவு?' முழு மதிப்பெண் கொடுத்தேன். தலைமையாசிரியரிடம் கேட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கும் கணக்கின் நகலை வகுப்பில் ஒட்டுவதாகவும் சொல்லியிருக்கிறேன்.

(கட்டுரையாளர்: பட்டதாரி ஆசிரியர், சமூக அறிவியல், வெள்ளக்கடை, ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.)